பகல் பதினொரு மணிப் பேய்

மாத்தளையில் கடந்த இருபது வருடத்துக் கல்யாண அல்பங்களை எடுத்துப் புரட்டினால், பாதிப் பெண்களுக்கு ஒரே மாதிரிப் புருவம் இருக்கும் என்று பதுர்தீன் கடைக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்வார். அது அவருடைய மனைவி முனவ்வரா வரைந்த புருவம். பதுர்தீன் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்பவர். பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் கடை. ஆனால் அவரைக் காட்டி இது யார் என்று கேட்டால் ஊரில் வரும் பதில், “பொண்ணு சோடிக்கிற முனவ்வராட மாப்புள” என்பதுதான். அதில் அவருக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை.

முனவ்வரா தனியாகப் பெண் சோடிக்கப் போனதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த றஸ்மியாவும் கூட இருப்பாள். முகம் முனவ்வராவுக்கு, தலை றஸ்மியாவுக்கு. கொண்டை ஊசிகளில் ஏழெட்டைப் பல்லுக்கு இடையில் கடித்துக்கொண்டு, அதற்கு நடுவிலேயே ஓயாமல் பேசுவது றஸ்மியாவின் வழக்கம். மணப்பெண்ணுக்கு ஒரு சொல் விளங்காது. முனவ்வராவுக்கு மட்டும் எல்லாம் விளங்கும். விளங்கியதற்கு அடையாளமாக அவள் சிரிப்பாள். சோனகப் பெண், தமிழ்ப் பெண், சிங்களப் பெண் என்ற பேதம் அவர்களுக்கு இல்லை. கலேவெலவுக்கு பஸ்ஸில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போவார்கள். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் உள்ளே வெளிச்சம் போதாமல், பெண்ணை வாசலில் கதிரை போட்டு உட்கார வைத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கச் சோடித்ததும் உண்டு.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஆகஸ்ட்டில் வில்கமுவவில் ஒரு கல்யாணம். நெல் செய்யும் சிங்களக் குடும்பம். கடைசி இரண்டு மைலுக்கு வேன் போகாது என்று நகைப்பெட்டியையும் சேலைப்பெட்டியையும் ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கண்டிச் சேலை உடுத்து, நெற்றிப்பட்டம் கட்டி, பெண்ணைப் போறுவை மணமேடையில் ஏற்றிவிட்டு, சாப்பிட்டு, பகலே கிளம்பினார்கள். மலைப்பாதையில் பனி இறங்கியிருந்தது. இரத்தோட்டைக்கு வருவதற்குள் ஒரு வளைவில் ஈரத்தில் வழுக்கி, வேனின் இடப்பக்கம் முழுவதும் பாறையில் போய் மோதியது. சாரதி றிஸ்வானுக்குக் கால் முறிந்தது. முனவ்வராவுக்குக் காறை எலும்பு. ஜன்னலோரம் இருந்த றஸ்மியா அந்த இடத்திலேயே மௌத்தானாள்.

முனவ்வரா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது றஸ்மியாவின் ஜனாஸா அடக்கம் முடிந்துவிட்டது. எத்தனையோ முகங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்த கைக்காரி, தன் கூட்டாளியின் முகத்தைக் கடைசியாக ஒரு தரம் பார்க்கவில்லை.

எலும்பு ஆறு கிழமையில் பொருந்தியது. பதுர்தீன் மற்றதையும் அப்படித்தான் நினைத்தார். கொஞ்ச நாளில் சரியாகிவிடும். ஆனால் முனவ்வரா அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குப் பயமாக இருந்திருக்காது. அவள் சமைத்தாள், தொழுதாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒருநாள் கடையிலிருந்து வந்தவர் முகம் கழுவிவிட்டுத் தலை வாரப் போனால், அறைக் கண்ணாடியின் மேல் கட்டில் விரிப்பு தொங்கியது. அலுமாரிக் கண்ணாடிக்கு அவர் இடுப்பில் கட்டும் பழைய சாரம். குளியலறையில் இருந்த சின்னக் கண்ணாடியைத் திருப்பிச் சுவரைப் பார்க்க மாட்டியிருந்தாள். சோடிப்புச் சாமான் அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. அந்த அறைக்கே பூட்டுப் போட்டிருந்தாள்.

“என்னத்துக்கு முனா இதெல்லாம்?”

“தூசி படுது.”

அன்றிலிருந்து பல மாதம் அவர் சாரத்துக்கு முன்னால் நின்று குத்துமதிப்பாகத் தாடியைக் கத்தரித்தார். கடைக்கு வந்தவர்கள் ஒருபக்கத் தாடி நீளமாக இருப்பதைச் சொன்னபோது, இப்போது இதுதான் மோஸ்தர் என்றார்.

கலேவெலவில் இருக்கும் அவருடைய மூத்த சகோதரி வந்து பார்த்துவிட்டு, இது ஜின்னுடைய வேலை என்று ஒரே முடிவாகச் சொன்னார். பதுர்தீன் மௌலவி புஹாரியை அழைத்து வந்தார். மௌலவி ஒரு மணித்தியாலம் அமர்ந்து ஓதினார், தண்ணீரில் ஊதிக் கொடுத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது பதுர்தீனின் தோளில் கை வைத்தார்.

“நாநா, நான் ஓதித் தாறது ஓதித் தாறதுதான். அல்லாஹ் ஷிபா தருவான். ஆனா டொக்டர் ஒத்தரையும் காட்டுங்க. எங்கட வாப்பாவுக்கும் ஒருக்கா இப்பிடி வந்திச்சி. நாங்க மிச்சம் சுணங்கித்தான் டொக்டர்ட்ட போனோம்.”

பதுர்தீன் அதை மனைவியிடம் சொன்னார். “எனக்குப் பைத்தியமா?” என்று அவள் கேட்டாள். அவ்வளவுதான். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

பேய்ப் படம் வீட்டுக்குள் வந்தது அதற்குப் பிறகு. பெரிய தொலைக்காட்சியைக் கத்தாரில் வேலை செய்யும் மகன் றினோஸ் லீவில் வந்தபோது வாங்கி மாட்டியிருந்தான். அதில் இன்டர்நெட்டும் வரும். ஒரு செவ்வாய்க்கிழமை பதுர்தீன் மூக்குக்கண்ணாடியை மறந்து போய், எடுக்கப் பகல் பதினொரு மணிக்கு வீட்டுக்குத் திரும்பினார். கேற்றைத் திறக்கும்போதே உள்ளே ஒரு பெண் அலறும் சத்தம். மாதிரிக்கு எடுத்து வந்த மிளகுப் பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினார்.

முனவ்வரா பாயில் கால் நீட்டி உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். எல்லா ஜன்னலும் திறந்திருந்தது, வெயில் தரையெல்லாம் கிடந்தது. தொலைக்காட்சியில் ஈரத் தலையோடு ஒருத்தி சுவரில் ஏறிக்கொண்டிருந்தாள். முனவ்வரா தலையைத் தூக்கி, “நீங்களா? அலறினது அவ. நான் இல்ல” என்றாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனதை பதுர்தீன் கண்டார். ஆனாலும் ஓடி வந்த மூச்சோடு ஏசினார்.

“அல்லாவே, ஈக்கிற பயம் போதாதா? காசு குடுத்துப் பயத்த வாங்குறதா?”

“இது சும்மா வருது. காசு இல்ல.”

“அதில்ல முனா. தூங்க ஏலாத மனிசி பாக்கிற படமா இது?”

அவள் உள்ளித் தோலை ஊதித் தள்ளினாள். பிறகு படத்தை நிறுத்தினாள்.

“இஞ்ச பாருங்க. எனக்கு நாள் முழுக்கப் பயம் ஈக்கி. என்னத்துக்கு எண்டு தெரியாத பயம். அது எப்ப தொடங்கும், எப்ப முடியும், ஒண்டும் தெரியா. இந்தப் படத்துல பயம் ரெண்டு மணித்தியாலம். முடிஞ்சா பேர் போடுறாங்க. ரிமோட்டும் என்ட கையில ஈக்கி. படம் பாத்த அண்டைக்கு நான் தூங்குறேன். நீங்களும் பாத்தீங்கதானே?”

பார்த்திருந்தார். முந்தின கிழமை செவ்வாயும் வியாழனும் அவள் அசைவில்லாமல் தூங்கியதைக் கண்டு அது ஓதிய தண்ணீரின் பலன் என்று நினைத்திருந்தார்.

அன்றைக்கு அவர் கடைக்குத் திரும்பிப் போகவில்லை. பாயில் பக்கத்தில் உட்கார்ந்து மீதிப் படத்தைப் பார்த்தார். பார்த்தார் என்று சொல்வது முழு உண்மையில்லை. பின்னணி இசை மெல்ல அடங்கி ஒருவரும் பேசாத இடம் வரும்போதெல்லாம் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றும் நினைப்பு வந்தது. ஒரு படத்துக்கு நான்கு பிளேன்ரீ குடித்த மனுசன் மாத்தளையில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அதன் பிறகு அது வீட்டின் முறையாகிவிட்டது. காலையில் அவள் படம் பார்ப்பாள். பகல் சாப்பாட்டுக்கு அவர் வந்ததும், சோறு போட்டுக்கொண்டே கதை சொல்வாள். பார்ப்பதைவிடக் கேட்பது அவருக்குச் சுகமாக இருந்தது. தட்டில் இருந்து கண்ணை எடுக்கத் தேவையில்லை. முனவ்வரா நன்றாகச் சொன்னாள். எங்கோ குளிர்நாட்டுக் கடற்கரையில் ஒரு மீன்பிடிகாரன். தம்பி கடலில் போய்விட்டான். காலையில் எழுந்து பார்த்தால் வீடு முழுக்க ஈரக் காலடி. தினமும் துடைக்கிறான், தினமும் வருகிறது. தம்பியின் ஆவி என்று ஊரே வீட்டுக்கு வர மறுக்கிறது. கடைசியில் ஒரு நாள் தன் கால் சப்பாத்தைத் தூக்கிப் பார்க்கிறான், அதற்குள் கடல் தண்ணீர்.

“யாரு?” என்று பதுர்தீன் வாயில் சோற்றோடு கேட்டார்.

“அவன்தான். தூக்கத்துல எழும்பி ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போய்த் தம்பியத் தேடிட்டு வாறான். அவனுக்கே தெரியா.”

“அப்ப பேய் இல்லையா?”

“பேய் ஈக்கி. ஆனா வெளிய இல்ல.”

அவள் எல்லாப் படத்தையும் மெச்சினாள் என்றில்லை. மனநல ஆஸ்பத்திரியைக் காட்டி, அங்கே இருக்கிறவர்களை எல்லாம் சங்கிலியும் கத்தியுமாக ஓடவிட்ட ஒரு படத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். அன்று சோறு போடும்போதும் கோபம் ஆறவில்லை.

“மண்டையில வருத்தம் வந்த மனிசன் எண்டா கொலகாரனா? காய்ச்சல் வந்தவன் கொல செய்றானா? படம் எடுத்தவனுக்கு விளங்கல்ல. நல்ல பேய்ப் படத்துல பயப்படுறவ பக்கம் நிண்டு காட்டுவாங்க. இது பயப்படுறவளையே பாத்துப் பயப்படச் செல்லுது.”

பதுர்தீன் அந்தச் சொற்களைக் கடையில் வைத்துத் திருப்பித் திருப்பி யோசித்தார். நல்ல படத்தில் என்ன நடக்கும் என்று ஒரு நாள் அவளே சொல்லியிருந்தாள். “முதல்ல எல்லாரும் அவளுக்குத்தான் செல்றாங்க, ஒண்டும் இல்ல, ஒண்டும் இல்ல எண்டு. மாப்புள செல்றான், டொக்டர் செல்றான். அவளுக்கு மட்டும் தெரியும், ஈக்கி எண்டு. கடைசில எல்லாரும் நம்புவாங்க. எனக்கு அந்த எடம் போதும்.” ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று தானும் எத்தனை தடவை சொல்லியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தார். எண்ணி முடியவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை வீட்டில் அவர் எடுக்கவே இல்லை.

விபத்து நடந்து ஏழு மாதம் இருக்கும். ஒரு புதன்கிழமை. பருப்பும் கருவாட்டுப் பொரியலும் தேங்காய்ச் சம்பலும். பதுர்தீன் கை கழுவிவிட்டு உட்கார்ந்து, “இண்டைக்கு என்னா படம்?” என்றார்.

முனவ்வரா சோற்றுக் கரண்டியை வைத்தாள். “இண்டைக்கு ஒரு வேன் படம்.”

“வேனுக்குள்ள பேயா?”

“பொறுங்க. ரெண்டு பொம்பளைகள். கூட்டாளிகள். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்ட்டு மலைப் பாதையில வாறாங்க. நல்ல பனி. ஒருத்தி ஜன்னல் பக்கம். அவளுக்குச் சளி. அது ரப்பர் போன ஜன்னல், மூட ஏலா, குளிரு உள்ளுக்கு அடிக்குது.”

பதுர்தீனின் விரல்கள் சோற்றில் அப்படியே நின்றன. நிமிர்ந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்த்தால் அவள் நிறுத்திவிடுவாள் என்று ஏதோ ஒன்று சொன்னது. தட்டையே பார்த்துக்கொண்டு, எப்போதும் கேட்பது போல, “அப்புறம்?” என்றார்.

“அவ மத்தவள்ட செல்றா, நீ இந்தப் பக்கம் வா, எனக்குக் குளிருது எண்டு. மத்தவ நல்லா ஏசினா. கெழவி மாதிரி இருமுற, ஒன்ட எடத்தையும் எனக்குத் தந்து சளியையும் தரப் போறியா எண்டா. ஏசிட்டு எழும்பி மாறினா. மாறி உக்காந்து, சால்வையால தலைய மூடிக்கிட்டு, ஜன்னல்ல தலைய வெச்சித் தூங்கினா.”

“அப்புறம்?”

“பத்து நிமிசம். பத்து நிமிசம்கூட இல்ல.”

வெளியே தெருவில் பாண் ரொட்டி விற்பவனின் முச்சக்கர வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை அவள் காத்திருந்தாள்.

“வீட்டுக்கு வந்த பொறகு அந்த மத்தவ போகல்ல. கண்ணாடியப் பாத்தா பின்னால நிக்கிறா. வாய்ல ஊசியக் கடிச்சிக்கிட்டு. என்னமோ செல்றா. எப்பவும் அவ செல்றது எனக்கு விளங்கும். இப்ப விளங்குதில்ல. அதுதான்… அதுதான் பயம். அவள்ட்ட இல்ல பயம். செல்றது விளங்காததுதான்.”

படத்துப் பெண் எங்கே முடிந்து தன் மனைவி எங்கே தொடங்கினாள் என்று பதுர்தீன் கவனிக்கவில்லை. எச்சில் கையோடு எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். உன் பிழை இல்லை என்று சொல்லலாம். ஊரே அதைச் சொல்லும். விதி என்று சொல்லலாம், அதுவும் உண்மை. ஆனால் வாயில் வந்தது வேறு.

“அவ நிக்கிறா எண்டு நான் நம்புறேன், முனா.”

அப்போதுதான் அவள் அழுதாள். ஏழு மாதத்து அழுகை. சோறு ஆறி, பருப்பின் மேல் ஆடை படிந்து, மாலை அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அழுதாள். பதுர்தீன் பக்கத்திலேயே இருந்தார். வலது கையில் பருப்பு காய்ந்து ஒட்டிப் போயிருந்ததால் இடது கையால்தான் அவள் முதுகைத் தடவினார்.

மறுகிழமை அவளே கேட்டாள். “டொக்டர்ட்ட போவோமா? ஆனா நீங்களும் உள்ளுக்கு வரணும். அங்க சங்கிலி ஈந்தா நான் திரும்பி வந்துருவேன்.”

சங்கிலி இருக்கவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக் ஒரு வெளிச்சமான நீள அறை. மேலே மின்விசிறி. வாங்கில் காத்திருந்தவர்கள் கடைத்தெருவில் தினமும் பார்க்கிற மாதிரி மனிதர்கள். தோட்டத்துக் கிழவர் ஒருவர், வங்கியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு ஒரு தாய். குழந்தை வீரிட்டு அழுததுதான் அங்கே கேட்ட ஒரே அலறல். முனவ்வரா அறையின் நாலு மூலையையும் நன்றாகப் பார்த்துவிட்டு, “படத்துல காட்டுற மாதிரி ஒண்டும் இல்லையே” என்றாள்.

பதிவுப் புத்தகத்தோடு இருந்த தாதி அனுஷியாவுக்கு அது கேட்டுவிட்டது. எல்கடுவப் பக்கத்துப் பிள்ளை. சிரித்துக்கொண்டு, “என்ன படம்மா பாத்தீங்க?” என்றாள்.

“பேய்ப் படம்.”

“நானும் பாப்பேங்க. ஆனா வார்ட் வேலைக்குப் போற வாரத்துல பாக்க மாட்டேன். பயமா இருக்கும்.”

டொக்டர் ஒரு சிங்களப் பெண். முனவ்வரா சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடி, ஊசி, ஜன்னல், இடம் மாறியது. பேய்ப் படம் பார்ப்பதைச் சொல்லும்போது ஏச்சு விழும் என்று எதிர்பார்த்தாள். டொக்டர் பேனாவை வைத்துவிட்டு, நெஞ்சு இடித்தால் நிறுத்துவீர்களா, அல்லது நிறுத்த முடியாமல் பார்ப்பீர்களா என்று மட்டும் கேட்டார். நிறுத்துவேன் என்றாள். அப்படியென்றால் பாருங்கள் என்றார் டொக்டர். எல்லாருக்கும் அது ஒத்துவராது என்றும், சிலருக்குக் காயத்தைக் கிளறிவிடும் என்றும், படம் மருந்தில்லை என்றும் சொன்னார். மருந்து எழுதினார். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வந்து பேசச் சொன்னார். நடந்ததைக் கதையாகச் சொல்ல முடிந்தது பெரிய காரியம் என்றார். இத்தனை நாள் அது துண்டு துண்டாக அவளைத் துரத்தியது, இப்போது அவள் அதை ஒரு வரிசையில் வைத்திருக்கிறாள் என்று விளக்கினார். பதுர்தீனுக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். ஆனாலும் வெளியே வந்து அதை மனைவியிடம் இன்னொரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

வருத்தம் ஒரே நாளில் போகவில்லை. மாத்திரை முதல் மாதம் அவளை மந்தமாக்கியது. மருந்தின் அளவை மாற்றினார்கள். நன்றாக இருந்த ஒரு கிழமைக்குப் பிறகு, வேனின் ஹோன் சத்தம் கேட்டு மீன் கடையில் வைத்தே நடுங்கிப் போய் உட்கார்ந்தாள். ஆனாலும் குளியலறைக் கண்ணாடி நோன்புக்கு முன்னால் திரும்பியது. பதுர்தீனின் தாடி இரண்டு பக்கமும் சமமானது.

றஸ்மியாவின் மகள் றுக்ஸானா வந்தது பெருநாள் கழிந்து. வீட்டுக்குள் வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். தாயின் அதே நெற்றி. முனவ்வரா பழச்சாறு கரைத்த கிளாசைக் கொடுத்தாள்.

“சாச்சி, எனக்குக் கல்யாணம் பேசிட்டாங்க. நீங்கதான் சோடிக்கணும்.”

முனவ்வரா எதிரே உட்கார்ந்தாள். பதுர்தீன் எழுந்து போகப் பார்த்தார். அவள் கண்ணாலேயே இருக்கச் சொன்னாள்.

“மகள், நான் ஒண்டு செல்லணும். கேட்டுட்டுப் பொறகு யாரக் கூப்புடணும் எண்டு பாருங்க. அண்டைக்கு அந்த ஜன்னல் பக்கம் என்ட எடம். நான்தான் ஒங்கட உம்மாவ மாறச் சொன்னேன்.”

றுக்ஸானா கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “தெரியும்.”

“தெரியுமா?”

“றிஸ்வான் நாநா அப்பவே சொன்னார். உம்மாட நாப்பதாம் நாள் கத்தத்துக்குக் கட்டுப் போட்ட காலோட வந்திருந்தாரே, அண்டைக்கு.” அவள் கிளாசைக் கீழே வைத்தாள். “எனக்கு உங்கமேல கோவம்தான் சாச்சி. மிச்சம் கோவம். ஆனா சீட் மாறினதுக்கு இல்ல. உம்மா மௌத்தான பொறகு நீங்க ஒரு நாளாவது எங்கட வீட்டுக்கு வரல்லயே. அவங்களப் பத்திப் பேச எனக்கு யாரு ஈக்கி? வாப்பா பேச மாட்டார். உம்மாவப் பத்தி எல்லாம் தெரிஞ்சது நீங்க ஒராள்தான்.”

முனவ்வரா எழுந்து போய் அந்தப் பிள்ளையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பதுர்தீனுக்கு இப்போது உண்மையாகவே தேத்தண்ணி ஊற்ற வேண்டியிருந்தது. குசினியில் நின்று சீனியை இரண்டு தடவை போட்டார்.

கல்யாணத்தன்று முனவ்வரா சோடிப்பு அறையின் பூட்டைத் திறந்து, ஆளுயரக் கண்ணாடியைத் துடைத்து, அதன் முன்னால் றுக்ஸானாவை உட்கார வைத்தாள். முகம், தலை இரண்டையும் அன்று அவள்தான் செய்தாள். ஊசியை வாயில் கடித்துப் பார்த்தாள், பேச வரவில்லை, இருவரும் சிரித்துவிட்டார்கள். பதுர்தீன் கதவுக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் காதால் கேட்டுக்கொண்டிருந்தார். மண்டபத்துக்குப் பெண்ணை அனுப்பிவிட்டு அவள் வெளியே வந்தபோது மெதுவாகக் கேட்டார்.

“கண்ணாடியப் பாத்தீங்களா?”

“பாத்தேன். பொண்ணும் நானும்தான் ஈந்தோம்.” முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். “கொஞ்சம் ஏமாத்தமாத்தான் ஈந்திச்சி.”

இப்போது முனவ்வராவுக்கு நாற்பத்தொன்பது வயது. மாதத்துக்கு இரண்டு மூன்று கல்யாணம் எடுக்கிறாள். மாத்திரை ஒன்று குறைந்திருக்கிறது, ஒன்று இன்னும் இருக்கிறது. பகல் பதினொரு மணிப் படம் தொடர்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து பதுர்தீன் வீட்டுக்கு வரும்போது றுக்ஸானா வந்திருப்பாள். சாச்சியும் மகளும் சுவரில் ஏறுகிறவளைப் பார்த்தபடி, றஸ்மியா யாரை எப்போது என்ன சொல்லி ஏசினாள் என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

போன ஒக்டோபரில் எல்கடுவத் தோட்டத்தில் ஒரு கல்யாணம் வந்தது. மழைக்காலம். வளைவுப் பாதை. விபத்துக்குப் பிறகு மலைப்பாதைக்கு அவள் ஒத்துக்கொண்ட முதல் வேலை அது. “நீங்களும் வாங்க” என்று மட்டும் சொன்னாள். பதுர்தீன் கடையை அடைத்துவிட்டு, நகைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவள் நடுவில். ஏற்றம் தொடங்கியதும் அவருடைய விரல்களைப் பிடித்தாள். மூன்றாம் வளைவில் அந்தப் பிடி இறுகி, மோதிரம் எலும்பில் அழுந்தியது. வெளியே தேயிலைக்கு மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

“ஏதாவது செல்லுங்க. சும்மா இருக்காதீங்க.”

பதுர்தீனுக்கு வியாபாரத்தைத் தவிர வேறு பேச்சு வராது. அன்று மிளகு விலையைப் பற்றிப் பேச அவருக்கே மனம் வரவில்லை. தொண்டையைச் செருமினார்.

“ஒரு ஊர்ல ஒரு மீன்பிடிகாரன். அவனுக்கு அண்ணன் ஒத்தன் கடல்ல போய்ட்டான்.”

“தம்பி.”

“சரி, தம்பி. காலம்பற எழும்பிப் பாத்தா வீடு முழுக்க ரத்தம்.”

“எங்க ரத்தம்? ஈரக் காலடி! அதில ரத்தமே இல்லையே.”

“நான் செல்ற படத்துல ஈக்கி.”

சாரதி வாய்விட்டுச் சிரித்தான். அடுத்த வளைவு வந்தது, போனது. பதுர்தீன் மீன்பிடிகாரனைச் சுவரில் ஏற்றினார், சப்பாத்துக்குள் பேயை வைத்தார், யாரும் கேட்காத ஒரு பொலிஸ்காரனையும் நடுவில் கொண்டுவந்தார். முனவ்வராவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு கையால் அவருடைய விரல்களை நெரித்துக்கொண்டும் மற்றக் கையை ஆட்டிக்கொண்டும், லயத்து வாசலில் வேன் போய் நிற்கும்வரை அவரைத் திருத்திக்கொண்டே வந்தாள்.